கார் போச்சு... இ.எம்.ஐ. இருக்கு!

மிஸ்டர் பீன் தெரியும்தானே? அவருடைய எலுமிச்சை கலர் மினி காரும் ஞாபகம் இருக்கும். கதவில் கொல்லைப்புறக் கதவுக்குப் போடுகிற மாதிரி ஒரு தாழ்ப்பாள், அதில் ஒரு பூட்டு. இறங்கிப் போகும்போது ஸ்டீயரிங்கையே கழற்றிக் கையோடு கொண்டுபோவார். நாமெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்த வேஷம் கட்டின ரோவன் அட்கின்சன் நிஜத்தில் வைத்திருந்தது மெக்லாரன் எஃப்1. மணிக்கு 380 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கிற ஜாதி. 2011 ஆகஸ்டில் அதைக் கொண்டுபோய் ஒரு மரத்தில் மோதினார். மனிதர் தப்பித்தார். கார் அப்பளம். ரிப்பேருக்கு இன்ஷூரன்ஸில் கிடைத்தது சுமார் 9,10,000 பவுண்டு! அப்படி ரிப்பேர் பண்ணின காரை 2015-ல் சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு விற்றார்.

"பாத்தீங்களா சார்! ஃபுல் இன்ஷூரன்ஸ் இருந்தா கவலையே இல்லை" என்றார் எங்கள் ஆபீஸ் பக்கத்து சீட் தம்பி. அவரும் சும்மா ஆளில்லை. 150 குதிரை சக்தி டர்போ கார், லோன் போட்டு வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. கார் நிற்கும்போதே உறுமும். அவரைவிட அதிகமாக அவர் அக்கவுன்ட் உறுமும்.

கவலை இல்லையா தம்பி? கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

முதலில் ஒரு நல்ல சேதி. நம்ம ஊரில் தேர்ட் பார்ட்டி பிரீமியத்துக்குக் குதிரை கணக்கே கிடையாது. சி.சி.தான் கணக்கு. 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி 1000 சி.சி. வரை 2,094 ரூபாய். 1500 வரை 3,416. அதற்கு மேல் எல்லாமே 7,897. அதாவது ஃபெராரிக்கும் அதேதான், ஆறேழு பேரை அடைத்துக்கொண்டு திருப்பதி போகிற இன்னோவாவுக்கும் அதேதான். சமத்துவம்!

ஆனால், தேர்ட் பார்ட்டி என்பது நீங்கள் இடித்த ஆளுக்கு. உங்கள் கார் திருடு போனால் அதில் சல்லிக் காசு வராது. அதற்கு 'ஓன் டேமேஜ்' வேண்டும். அங்கேதான் ஐ.டி.வி. என்று மூன்றெழுத்து உட்கார்ந்திருக்கிறது. கார் தொலைந்தால் கம்பெனி கொடுக்கிற உச்சவரம்பு அது.

தம்பியின் காரையே எடுத்துக்கொள்வோம். ஷோரூம் விலை 14 லட்சம். ரோடு டாக்ஸ், அது இது என்று ரோட்டுக்கு வரும்போது 17 லட்சம். ஒரு வருஷம் தாண்டி இரண்டு வருஷத்துக்குள் என்றால் ஐ.டி.வி.யில் 20 சதவிகிதம் கழிவு. அதுவும் ஷோரூம் விலையிலிருந்து. ஆக, 11 லட்சத்து 20 ஆயிரம்.

லோன் 15 லட்சம், 9 சதவிகிதம் வட்டி, 7 வருஷம். மாசம் 24 ஆயிரத்துச் சொச்சம். பதினெட்டு மாசம் ஒழுங்காகக் கட்டின பிறகும் பாக்கி எவ்வளவு தெரியுமா? சுமார் பன்னிரண்டரை லட்சம்!

இன்றைக்கு ராத்திரி கார் காணாமல் போனால், இன்ஷூரன்ஸ் பணம் முழுசும் பாங்க்குக்குப் போய்விடும். அதுக்கு மேல் 1 லட்சத்து 30 ஆயிரம் தம்பி கைக்காசு. காரைத் தூக்கிட்டுப் போறவன் இ.எம்.ஐ.யையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போக மாட்டான் சார்!

தம்பி முகத்தில் ஈயாடவில்லை.

இதற்கு மருந்து உண்டு. 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்று ஒரு கூடுதல் கவர். புதுக் காருக்குத்தான் தருவார்கள், பழசானால் மாட்டார்கள். கார் தொலைந்தால் கழிவு பார்க்காமல் இன்வாய்ஸ் விலையைத் தரும். பல பாலிசிகளில் ரோடு டாக்ஸும் சேர்த்தி. லோன் கார்க்காரர்கள் வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்கக் கூடாது. இன்னொன்று... ஆன்லைனில் புதுப்பிக்கும்போது ஐ.டி.வி.யைக் குறைத்தால் பிரீமியமும் குறையும். 'அட, ஆயிரத்தி இருநூறு லாபம்!' என்று குறைத்துவிட்டு வருபவர்கள் உண்டு. அது லாபமில்லை. திருடனுக்குக் கொடுத்த மானியம்.

"சரி சார், டிராக்கர் மாட்டிட்டா?"

வந்தாரய்யா விஷயத்துக்கு!

டிஸ்கவுன்டுக்காக என்றால் மாட்டவே வேண்டாம். ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி இருந்தால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் இரண்டரை சதவிகிதம் தள்ளுபடி. அடேங்கப்பா என்று எழுந்து நிற்காதீர்கள். உச்சவரம்பு 500 ரூபாய்! மோட்டார் டாரிஃப் காலத்துக் கணக்கு. டிராக்கருக்கு வருஷா வருஷம் கட்டுகிற சந்தாவே அதைத் தாண்டிவிடும்.

அப்புறம் எதற்கு டிராக்கர்? நேரத்துக்கு. டிராக்கர் திருட்டைத் தடுக்காது. திருடு போன முதல் சில மணி நேரத்தில் கார் எங்கே என்று சொல்லும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில மணி நேரம்தான் விஷயமே. அதைக் கோட்டைவிட்டால் என்ன ஆகும்?

கெர்ஹார்ட் பெர்கர் என்று ஒரு ஃபார்முலா ஒன் வீரர். 1995 ஏப்ரலில் இத்தாலியில் இமோலா ரேஸ் சமயத்தில் அவருடைய சிவப்பு ஃபெராரியை எவனோ கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அது ஜப்பான் வரைக்கும் கப்பலேறிப் போய், கடைசியில் இங்கிலாந்துக்கு வந்தது. ஓர் அமெரிக்கர் அதை வாங்கப்போக, ஃபெராரி கம்பெனி சரிபார்த்தபோது குட்டு உடைந்தது. கார் கிடைத்துவிட்டது என்று லண்டன் போலீஸ் சொன்னது 2024 மார்ச்சில். 28 வருஷத்துக்கு மேல்! அதற்குள் நம்ம தம்பி லோனை நாலு தடவை கட்டி முடித்திருப்பார்.

அதனால்தான் இங்கிலாந்தில் விலை கூடின கார் என்றால் பல இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் டிராக்கர் இல்லாமல் பாலிசியே தருவதில்லை. 'தாட்சம்' என்கிற அமைப்பு தரம் பார்த்து வகை பிரித்திருக்கிறது. உசத்தி வகை எஸ்5. ஓட்டுகிறவர் பாக்கெட்டில் தனியாக ஓர் அடையாள வில்லை இருக்க வேண்டும். அது இல்லாமல் கார் நகர்ந்தால் கண்காணிப்பு மையத்தில் மணியடிக்கும். ராத்திரி பகல் பாராமல் ஆள் இருப்பார்கள். போலீஸுக்கும் அவர்களே சொல்வார்கள்.

நம்ம ஊரில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கி, ஸ்டீயரிங்குக்குக் கீழே பளிச்சென்று தெரிகிற சாக்கெட்டில் செருகுகிற டிராக்கர் இருக்கிறதே... அதைத் திருடன் முதல் சிக்னல் வருவதற்குள் பிடுங்கித் தெருவில் போட்டுவிடுவான். அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கில் ஜி.பி.எஸ். எட்டாது. சிக்னலை அடைக்கிற ஜாமர் வேறு இருக்கிறது. சிம் கார்டுக்கு ரீசார்ஜ் மறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே, மாட்டினால் மூன்று விஷயம் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒயரிங்கோடு சேர்த்துப் பொருத்தணும். கார் பாட்டரியைக் கழற்றினாலும் உயிரோடிருக்கத் தனி பாட்டரி வேணும். ராத்திரி கார் நகர்ந்தால் உங்கள் போன் அலறணும். இந்த மூன்றும் இருந்தால் டிராக்கர் காசுக்குத் தகும். தம்பி மாதிரி கார் விலையைவிட லோன் பாக்கி அதிகமாக இருப்பவர்களுக்கு ரொம்பவே தகும்.

இன்னொரு சங்கதி. பட்டனைத் தொட்டால் ஸ்டார்ட் ஆகிற கார்களில் திருடன் கண்ணாடியை உடைப்பதில்லை. ஒருவன் உங்கள் வாசலில் ஒரு கருவியோடு நின்று, உள்ளே ஆணியில் தொங்குகிற சாவியின் சிக்னலைப் பிடித்து, கார் பக்கத்தில் நிற்கிற கூட்டாளிக்கு அனுப்புவான். 'முதலாளி வந்துட்டார்' என்று கார் கதவைத் திறந்துவிடும். என்ன விசுவாசம்! சாவியை மூடி போட்ட ஒரு உலோக டப்பாவில் வையுங்கள். டப்பாவோடு கார் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். கதவு திறக்கவில்லை என்றால் டப்பா பாஸ். கூடவே ஸ்டீயரிங்குக்கு ஓர் இரும்பு லாக். மிஸ்டர் பீன் ஒன்றும் முட்டாள் இல்லை சார்!

இவ்வளவுக்கும் பிறகு கார் போய்விட்டதா? அன்றைக்கே போலீஸில் எஃப்.ஐ.ஆர்., அன்றைக்கே இன்ஷூரன்ஸுக்குத் தகவல். எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்ன ஒரே காரணத்துக்காகக் க்ளைமை மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காக வேண்டுமென்றே தாமதிக்காதீர்கள். கோர்ட் வரைக்கும் போய் வருவதற்குள் இ.எம்.ஐ. காத்திருக்காது. கம்பெனிக்குச் சொல்லாமல் எஞ்ஜின் கம்ப்யூட்டரை நோண்டி நாற்பது குதிரை கூட்டியிருந்தாலும் வம்புதான்.

கடைசியாக, காரை நியாயமான ஜாக்கிரதையோடு பாதுகாக்கணும் என்பது பாலிசியிலேயே இருக்கிற நிபந்தனை. அதனால்தான் க்ளைம் கேட்டால் முதலில் இரண்டு ஒரிஜினல் சாவியையும் மேஜை மேல் வைக்கச் சொல்வார்கள்.

"இரண்டாவது சாவி பத்திரமா இருக்கில்ல தம்பி?" என்றேன்.

"ரொம்பப் பத்திரம் சார். தொலைஞ்சிடக் கூடாதுன்னு கார் டாஷ்போர்டுக்குள்ளேயே வெச்சிருக்கேன்!"