சிறு விளைவும் பெரும் பயனும்

உடனடிப் பயன் தராத ஆராய்ச்சி வீண் என்று கூறுவோர் எக்காலத்தும் உளர். அக்கூற்றுப் பிழையானது என்பதற்குக் காந்தவியலின் வரலாறே தக்க சான்றாகும்.

மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புதலை 1820-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு அறிஞர் எர்ஸ்டெட் கண்டார். அதன்பின் மின்சாரத்தால் காந்தத்தை ஆள விரும்பியோர், கம்பியில் மின்னோட்டத்தைச் செலுத்தியே அதனைச் செய்து வந்தனர். கணிப்பொறியின் காந்த வட்டில் செய்தி எழுதப்படுவதும் இம்முறையாலேயாம். ஆனால், மின்னோட்டம் பாயும் கம்பியில் வெப்பம் தோன்றும். அவ்வெப்பம் பயனின்றிக் கழியும்.

மின்னோட்டத்தை நாடாது, மின்புலத்தைக் கொண்டே காந்தத்தை ஆள இயலாதா? மின்கடத்தாப் பொருள் ஒன்றின் இருபுறமும் உலோகத் தகடுகளை வைத்து மின்னழுத்தம் கொடுத்தால், அதனுள்ளே மின்புலம் நிலவும்; ஆயினும், மின்னோட்டம் தொடர்ந்து பாய்வதில்லை. ஆதலின் வெப்ப இழப்பும் மிகக் குறைவு. சில படிகங்களில் மின்புலம் காந்தத் தன்மையை உண்டாக்கக்கூடும் என்று 1894-இல் பிரெஞ்சு அறிஞர் பியர் கியூரி கருதினார். நெடுங்காலம் தேடியும் அவ்விளைவு கிட்டவில்லை. 1959-இல் சோவியத்து அறிஞர் சியாலோஷின்ஸ்கி, குரோமியம் ஆக்ஸைடில் அது தோன்றும் எனக் கணித்துக் கூறினார். மறு ஆண்டே ஆஸ்த்ரோவ் அதனைச் சோதனையில் கண்டார். ஆனால் விளைவு மிகச் சிறியது. இதனால் ஆவதென்ன என்று அன்று எவரேனும் வினவியிருப்பின், காட்டத்தக்க பயன் ஏதும் இருந்திராது.

ஆயினும் முயற்சி கைவிடப்படவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற இராமமூர்த்தி ரமேஷ், அமெரிக்காவில் தம் குழுவினருடன் பிஸ்மத் ஃபெரைட் என்னும் ஆக்ஸைடை மென்படலமாக வளர்த்து, 2003-இல் அதன் பண்புகளை உலகுக்கு அறிவித்தார். இப்பொருளில் மின்னேற்றங்கள் ஒரு திசையில் சாய்ந்து நிற்கும். அணுக்களின் சிறு காந்தங்களும் ஒழுங்குற அமைந்திருக்கும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. மின்னழுத்தத்தால் முன்னதைத் திருப்பினால் பின்னதும் மாறும். இதன்மேல் கோபால்ட்டும் இரும்பும் கலந்த காந்தப் படலத்தைப் படியச் செய்தால், இரு படலங்களும் தொடும் எல்லையில் கீழ்ப்படலத்தின் மாற்றம் மேற்படலத்தையும் பற்றும். 2014-இல், அறையின் இயல்பான வெப்பநிலையிலேயே, மின்னழுத்தத்தால் மேற்படலத்தின் காந்தத் திசை எதிராகத் திருப்பப்பட்டது. ஒரு படிகத்தில் மெலிந்து தோன்றிய விளைவு, இரு பொருள்கள் கூடும் எல்லையில் வலிமையுற்றது.

இம்முறையில் இயங்கும் கணிப்பொறி இன்னும் அங்காடிக்கு வரவில்லை. பன்முறை திருப்பப்பட்டால் பிஸ்மத் ஃபெரைட் படலம் தளர்ச்சியுறுகின்றது. இக்குறைகள் உண்மையே. எனினும், அவற்றைக் காட்டி முயற்சியைப் பழித்தல் தகாது. கணிப்பொறிகள் பெருகப் பெருக, அவை கொள்ளும் மின்சாரமும் பெருகுகின்றது. வீணாகும் வெப்பத்தைக் குறைப்பது நாடுகள் அனைத்துக்கும் நலம் பயப்பதன்றோ?

கியூரியின் கருத்துக்கும் 2014-ஆம் ஆண்டுச் சோதனைக்கும் இடைப்பட்ட காலம் 120 ஆண்டுகள். விதை ஊன்றிய அன்றே கனி கேட்பவன் உழவன் ஆகான். சிறு விளைவு என்று இகழாது, அதனைப் பேணி வளர்க்கும் சமுதாயமே அறிவின் பயனை முழுமையாக நுகரும்.