பதிவேட்டில் பேர் ஏறாத ஐபி முகவரி

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் கேபிள் டிவி நடத்தியவர்களில் பலர் இப்போது பிராட்பேண்டும் தருகிறார்கள். துறைமுகத்தை நம்பித் தொழில் செய்யும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்கள் அவர்களிடம் நிலையான ஐபி கேட்கின்றன. ஐபிவி4 முகவரிகளோ உலகத்துக்கே 429 கோடிதான். பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. "இருப்பவர் விற்கிறார், வேண்டியவர் வாங்குகிறார். நடுவில் முகவரிகளை ஒதுக்கிப் பதிவு செய்யும் பதிவகம் எதற்கு?" என்ற பேச்சு இந்தத் தட்டுப்பாட்டில்தான் எடுபடுகிறது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றுகூட நிற்காது.

பணம் கொடுத்தால் சொந்தம் என்பது முதல் காரணம். வெறும் பவர் பத்திரத்தையும் விற்பனை ஒப்பந்தத்தையும் வைத்து மனை கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் சொல்லிவிட்டது. ஐபி வாங்கியவர் நிலை அதைவிட மோசம். மனையாவது சொத்து. ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்னிக்கும், இந்தியாவில் 2012 முதல் இயங்கும் பதிவகமான இரின்னும் தருவது பயன்படுத்தும் உரிமை மட்டுமே. பதிவேட்டில் பெயருள்ளவர் ஆண்டுக் கட்டணம் கட்டாமல் விட்டால் அந்த உரிமையும் போய்விடும். வாங்கியவரிடம் ரசீது இருக்கும், முகவரி இருக்காது.

மைக்ரோசாஃப்டே வாங்கவில்லையா என்பார்கள். வாங்கியது உண்மை. திவாலான நார்டெல் நிறுவனத்திடமிருந்து 2011இல் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு எடுத்தது. ஆனால் அந்த விற்பனை முடிவதற்குள் வட அமெரிக்கப் பதிவகமான ஆரினுடன் மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. பதிவகம் வேண்டாம் என்பதற்குக் காட்டப்படும் உதாரணமே பதிவகத்தின் வாசலில்தான் போய் முடிந்தது.

"ரூட்டரில் ஏற்றினோம், ஓடுகிறதே!" என்பது அடுத்தது. ஓடும், பதிவேட்டில் பெயருள்ளவர் சும்மா இருக்கும் வரை. முகவரியை எந்த நெட்வொர்க் அறிவிக்கலாம் என்று சான்றளிக்கும் ஆர்பிகேஐ முறையில் அவர் வேறொரு நெட்வொர்க்குக்குச் சான்று கொடுத்துவிட்டால், அதைச் சரிபார்க்கும் பெரிய நெட்வொர்க்குகள் வாங்கியவரின் பாதையை ஏற்காமல் தள்ளிவிடும். ஐபி முகவரியிலிருந்து பெயரைக் காட்டும் ரிவர்ஸ் டிஎன்எஸ் அமைக்கும் அதிகாரமும் பதிவு பெற்றவருக்கே. அது இல்லாத மெயில் சர்வரிலிருந்து வரும் கடிதங்களைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. சரக்கு விடுவிப்புக் கடிதம் அப்படித் திரும்பினால் கன்டெய்னர் யார்டிலேயே கிடக்கும், வாடகை ஏறும்.

எல்லாவற்றையும்விடக் கவலை தருவது, விற்பவரிடம் விற்க உரிமை இருந்ததா என்பதுதான். ஆப்பிரிக்கப் பதிவகமான ஆஃப்ரினிக்கின் ஏடுகளைத் திருத்தி 40 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள் கடத்தப்பட்டது 2019இல் அம்பலமானது. மிக்ஃபோ என்ற அமெரிக்க நிறுவனம் போலிக் கம்பெனிகளின் பெயரில் ஆரினிடம் ஏழரை லட்சம் முகவரிகளைச் சுருட்டியது. அதன் உரிமையாளர் சிறைத் தண்டனை பெற்றார். இப்படிப்பட்ட சரக்கு, பதிவகத்தின் சரிபார்ப்பு இல்லாத சந்தையில் சின்ன ஆபரேட்டர் தலையில்தான் விழும்.

சிறியவருக்கு வேறு வழியில்லை என்பதும் சரியல்ல. பதிவேட்டின் வழியாகவே முகவரியை மாற்றித் தரும் விதியை ஏப்னிக் 2010இலேயே கொண்டுவந்தது. ஜியோ 2016இல் ஐபிவி6ஐ நம்பியே கோடிக்கணக்கானவர்களை இணைத்தது. வீட்டு இணைப்புகளை ஐபிவி6க்கும் பகிர்வு முகவரிக்கும் மாற்றினால், கையிலுள்ள ஐபிவி4 முகவரிகளை, நிலையான ஐபி கேட்கும் அலுவலகங்களுக்கு ஒதுக்கலாம். அதன் பிறகும் போதாமல் வெளியே வாங்கத்தான் வேண்டுமென்றால், முன்பணம் தருவதற்கு முன் பதிவகத்தின் பொது ஏடான ஹூஇஸ் பதிவில் விற்பவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, பெயர் மாற்ற விண்ணப்பத்தில் அவர் கையெழுத்தைக் கேட்க வேண்டும். தயங்கினால் அந்தப் பேரத்தை அங்கேயே விட்டுவிடலாம்.