வாய்க்குள் அடக்கிய பட்டு

பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ (2008) நெசவாளியின் வறுமையைச் சொன்ன படம் என்றே பெரும்பாலும் பேசினோம். தறிச் சத்தம் ஓயாத தெருவில் குடியிருக்கும் எனக்கு அது ஓர் ஆணின் வீம்பைப் பற்றிய படமாகவே படுகிறது.

தன் மணப்பெண்ணைப் பட்டுடுத்தி அழைத்துவர இயலாத வேங்கடம், பிறந்த மகளைப் பட்டுச்சேலையில் மணமுடித்துத் தருவதாக ஊரறிய வாக்களிக்கிறான். குழந்தை கேட்கவில்லை, மனைவியும் கேட்கவில்லை. பிறகு முதலாளியின் பட்டிழையை வாயில் அடக்கித் திருடுகிறான். வாக்களித்த அதே வாய்! தன் திருட்டு தடைப்படுகிறதே என்று, தான் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தையே கைவிடச் செய்கிறான். இந்தக் கசப்பான நகைச்சுவையை நாம் ஏன் பொருட்படுத்தவில்லை?

இன்னொன்று. கோர்வைச் சேலை ஒற்றை ஆளால் ஆவதில்லை. கரைக்கு நாடா போட இன்னொரு கை வேண்டும். இழை சுற்றுவதோ பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அந்தக் கைகளைக் கணக்கில் சேர்க்காத பெருமையே ‘நான் நெய்து தருவேன்’ என்பது.

இறுதியில், தறியிலிருந்து அறுத்தெடுத்த அரைச்சேலை மகளின் உடலுக்குப் போதவில்லை. முகத்தை மூடினால் கால் தெரிகிறது. காலை மூடினால் முகம். பிரகாஷ்ராஜ் சிரிக்கிறார். வகுப்பில் திரையிட்டபோது மாணவர்கள் சிலர் கூடவே சிரித்தார்கள். மாணவிகள் ஒருவரும் சிரிக்கவில்லை.