வரைந்ததை அவரிடம் காட்டினீர்களா?

போன வாரம் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் பூக்கட்டும் அம்மா ஒருவரின் படத்தை இங்கே போட்டிருந்தேன். பார்த்துப் பாராட்டிய எல்லோருக்கும் நன்றி. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர் (இப்போது அவருடைய பிள்ளையே ஐந்தாம் வகுப்பு) கீழே கேட்டிருந்தார்: "டீச்சர், இந்த வெயில்ல உக்காந்து ஏன் கஷ்டப்படறீங்க? போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டு வந்து வீட்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்து வரையலாமே?"

நியாயமான கேள்விதான். கமெண்ட்டில் பதில் எழுத ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனது. அதனால் தனிப் பதிவாகப் போடுகிறேன். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

நான் ஓவியர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள். அப்போது கரும்பலகையில் படம் போடவே தனியாகப் பயிற்சி கொடுப்பார்கள். தலைக்கு ஒரு வட்டம், முதுகுக்கு ஒரு கோடு, கை கால்களுக்கு நாலு கோடு. அந்தக் குச்சி மனிதனை ஓட வைக்க வேண்டும், குடம் தூக்க வைக்க வேண்டும், ஏர் பிடிக்க வைக்க வேண்டும். எல்லாம் அரை நிமிடத்துக்குள். அதற்கு மேல் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்றால் கடைசி பெஞ்சில் சண்டை ஆரம்பித்துவிடும். முப்பத்தைந்து வருடம் அந்தக் குச்சி மனிதனோடுதான் குடும்பம் நடத்தினேன். 2019-இல் ஓய்வு பெற்றபின் அவனுக்குச் சட்டை மாட்டி வேட்டி கட்டிவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு அழைத்து வந்திருக்கிறேன். அவ்வளவுதான் என் ஓவியப் படிப்பு.

கேள்விக்கு வருகிறேன். போட்டோவைப் பார்த்து வரைவது பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் அது வேறு வேலை. போட்டோ எடுக்க ஒரு நொடி போதும். எடுக்கப்பட்டவருக்குத் தெரியவே தெரியாது. அவர் முகத்தைப் பையில் போட்டுக்கொண்டு நாம் வீட்டுக்கு வந்துவிடலாம். வரைய உட்கார்ந்தால் அது நடக்காது. பத்து, பதினைந்து நிமிடமாவது ஆகும். மூன்றாவது நிமிடம் அவர் நம்மைப் பார்த்துவிடுவார். ஐந்தாவது நிமிடம் பக்கத்துக் கடைக்காரர் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார். நாம் அவரைப் பார்க்கிறோம், ஊர் நம்மைப் பார்க்கிறது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

நரைத்த தலை, மூக்குக்கண்ணாடி, கையில் நோட்டு. என்னைப் பார்த்ததும் ஜனங்களுக்குப் படம் என்று தோன்றுவதில்லை, கணக்கெடுப்பு என்றுதான் தோன்றுகிறது. "எந்தத் திட்டத்துக்கும்மா எழுதறீங்க?" என்று கேட்காதவர் குறைவு. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆரம்பித்தபின் இது ரொம்பவே கூடிவிட்டது. நான் வரைந்துகொண்டிருந்த ஓர் அம்மா, "எனக்கு ஆயிரம் ரூபா இன்னும் வரல, என் பேரையும் எழுதிக்கங்க" என்று ஆதார் அட்டையையே நீட்டிவிட்டார். நோட்டைத் திருப்பிக் காட்டியதும் முகம் விழுந்துவிட்டது. பிறகு உற்றுப் பார்த்து, "மூக்குத்தி போடுங்க" என்றார். போட்டேன்.

"வேலை செய்கிறவர்கள் அசைந்துகொண்டே இருக்கிறார்களே, எப்படி வரைகிறீர்கள்?" என்றும் சிலர் கேட்கிறீர்கள். அசைவதால்தான் வரைய முடிகிறது. ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும். டீ மாஸ்டரின் ஒரு கை மேலே போகும், இன்னொரு கை கீழே இறங்கும், தலை கொஞ்சம் சாயும். முதல் டீ ஆற்றும்போது கைகளை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். பேனாவைத் தூக்கிவிட்டுக் காத்திருங்கள். அடுத்த டீக்கு அதே தோள் அதே இடத்துக்கு வரும். பரோட்டா போடுகிறவர், பூக்கட்டுகிறவர், இஸ்திரி வண்டிக்காரர் எல்லோரும் இப்படித்தான். சும்மா நிற்கிறவரை வரைவதுதான் கஷ்டம். எப்போது நடக்கத் தொடங்குவார் என்று அவருக்கே தெரியாது. அப்படிப்பட்டவரிடம் முதலில் கவனிக்க வேண்டியது, உடம்பின் பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்பது. கண்ணும் மூக்கும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆனந்த விகடனில் 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்குக் கோபுலு போட்ட படங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆள் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே அவர் யார் என்று தெரிந்துவிடும். மனிதர்களை வருடக்கணக்காகப் பார்த்த கண் அது.

சென்னையில் மகள் வீட்டுக்கு வைகையிலோ பல்லவனிலோ போவேன். ரயிலில் வரைவதற்கு ஒரு சின்ன முறை வைத்திருக்கிறேன். அரியலூர், விருத்தாசலம், விழுப்புரம் என்று வண்டி நிற்கும்போது முகம். ஓடும்போது பை, செருப்பு, ஜன்னல் கம்பி. கோடு நடுங்கினால் திருத்துவதில்லை, ரயிலும் படத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். எதிர் சீட்டுக்காரரின் முழங்கால் நம் முழங்காலை இடிக்கும் இடத்தில் ரகசியமாக வரைய முடியாது. "உங்களை வரையட்டுமா?" என்று கேட்டுவிடுவேன். ஆண்கள் உடனே சீப்பை எடுப்பார்கள். பெண்கள் "என்னையா?" என்று சிரித்துவிட்டுக் குழந்தையை முன்னால் நகர்த்துவார்கள். வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. நோட்டை மூடிவிடுவேன். ஏன் என்று கேட்பதில்லை.

இப்படி இடத்திலேயே உட்கார்ந்து வரைகிறவர்களுக்கு உலகம் முழுக்க ஓர் இயக்கமே இருக்கிறது. 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' என்று பெயர். சியாட்டில் நகரத்துப் பத்திரிகையாளர் கேப்ரியல் காம்பனாரியோ 2007-இல் இணையத்தில் தொடங்கியது. எட்டு அம்சம் கொண்ட ஒரு கொள்கை அறிக்கை வைத்திருக்கிறார்கள். நேரில் பார்த்து வரைய வேண்டும், பார்த்ததற்கு உண்மையாக இருக்க வேண்டும், சேர்ந்து வரைய வேண்டும், ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும். எல்லாம் நல்ல விஷயங்கள். ஆனால் எட்டையும் படித்துப் பார்த்தால் வரைகிற நம்மைப் பற்றியும் இடத்தைப் பற்றியும்தான் இருக்கிறது. வரையப்படுகிற ஆளைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு இது பெரிய குறையாகத் தெரிகிறது. ஏன் என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காந்தி மார்க்கெட்டில் கல்லூரிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வரைந்துகொண்டிருந்தார்கள். நானும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். வெங்காய மண்டி வாசலில் சிதறிக் கிடக்கும் சின்ன வெங்காயத்தைப் பொறுக்கி, தாளைக் கிள்ளி, கூறு போட்டு விற்கும் வயதான அம்மா ஒருவரை ஒரு பையன் வரைந்தான். கை நல்ல கை. எனக்கெல்லாம் வராத கோடு. முடித்ததும் நண்பர்கள் கூடிவிட்டார்கள். அந்த அம்மாவும் எழுந்து வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எல்லாம் சரிதான் தம்பி. கிழிசலை ஏன் போட்டே?" என்றார். ரவிக்கையில் தோள்பட்டைப் பக்கம் ஒரு கிழிசல். அவர் கையே தன்னறியாமல் அங்கே போய் முந்தானையை இழுத்து மூடியது.

பையன் திகைத்துப் போனான். கெட்ட பையன் இல்லை. பிறகு டீக்கடையில் என்னிடம் கேட்டான்: "இருக்கறத வரையறதுதானே மேடம் நேர்மை? இல்லாத மாதிரி வரைஞ்சா அது பொய்தானே?"

சுலபமாக ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. நான் அவனிடம் சொன்னது இதுதான். அந்தக் கிழிசல் இருந்தது உண்மை. அவர் இடது கையால் தாளைக் கிள்ளும்போதே வலது கையால் சில்லறை எண்ணியதும் உண்மை. உன் படத்தில் கிழிசல் இவ்வளவு கறுப்பாக இருக்கிறது, எண்ணுகிற விரல்கள் நாலு கோட்டில் முடிந்துவிட்டன. எதை அழுத்தி வரைவது என்று நீதான் முடிவு செய்தாய். பிறகு ஏன் பழியை உண்மையின் மேல் போடுகிறாய்?

அவன் விடவில்லை. ஏழ்மையை வரையவே கூடாதா என்றான். அப்போது சித்தப்ரசாத் பற்றிச் சொன்னேன். 1943 வங்கப் பஞ்சத்தின்போது மிதுனாப்பூர் மாவட்டத்துக் கிராமங்களில் நடந்தே சுற்றி, பட்டினியில் கிடந்தவர்களை மையில் வரைந்தவர். எலும்பும் தோலும் கந்தலும்தான் அந்தப் படங்கள். 'பசித்த வங்காளம்' என்று பொருள்படும் தலைப்பில் அது புத்தகமாக வந்தது. ஆங்கிலேய அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து எரித்தது. ஒரு பேனாப் படத்துக்கு அரசாங்கம் அவ்வளவு பயந்திருக்கிறது. ஆனால் நான் பையனுக்குச் சொல்ல வந்தது வேறு. சித்தப்ரசாத் தான் வரைந்தவர்களின் பெயரையும் அவர்கள் கதையையும் விசாரித்து எழுதிவைத்தார். அதே பஞ்சத்தைக் கல்கத்தாத் தெருக்களில் வரைந்த ஜைனுல் ஆபிதீனும் அப்போது கலைப்பள்ளி ஆசிரியர்தான். கையில் கிடைத்த மலிவான பொட்டலத் தாளில் வரைந்தார். அந்தப் படங்கள் எதற்காக வரையப்பட்டன என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. நம் ஞாயிற்றுக்கிழமைப் படம் எதற்காக? ஐம்பது லைக்குக்கு. அதற்கு அந்த அம்மாவின் கிழிந்த ரவிக்கை எதற்கு?

பையன் ஒத்துக்கொண்டானா என்றால், முழுசாக இல்லை. "அப்ப எல்லாரையும் புதுத்துணி போட்ட மாதிரி வரையணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனான். அதுவும் சரியான கேள்விதான். அப்படி வரைந்தால் காலண்டர் படம் ஆகிவிடும். இதற்குச் சட்டம் எழுத முடியாது. வரைந்ததைக் காட்டுகிற பழக்கம் இருந்தால் கை தானாகவே யோசிக்கும் என்பது என் அனுபவம். ஐந்து நிமிடம் கழித்து இந்த முகத்துக்கு முன்னால் நோட்டைத் திருப்ப வேண்டும் என்று தெரிந்தே போடும் கோடு வேறு மாதிரி விழுகிறது.

நான் வரையாதவர்களும் உண்டு. ரயிலில் தூங்கும் பெண்களை வரைவதில்லை. தூங்குகிறவர் அசையமாட்டார், வரைய வசதி என்று புத்தகங்களில் சொல்வார்கள். வசதிதான், ஆனால் அவரிடம் கேட்க முடியாதே. பிச்சை எடுப்பவர்களை வரைவதில்லை. மருத்துவமனை வாசலில் நோட்டையே எடுப்பதில்லை. இதில் என்னோடு சண்டை போட விரும்புகிறவர்கள் தாராளமாகப் போடலாம். ஒரு நண்பர் ஏற்கெனவே, "நீங்க சொல்ற மாதிரி பார்த்தா பாதி உலகத்தை வரைய முடியாது" என்றார். மீதிப் பாதியை வரைந்து முடிக்கவே எனக்கு ஆயுள் போதாது.

கடைசியாக, ஆசிரியராக இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஓவியப் பாடவேளையைக் கணக்குக்குக் கொடுத்துவிடாதீர்கள். கொடுக்காமல் வைத்திருந்தாலும் அதில் அதே இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை மரம் வேண்டாம். மலைத்தொடரையே பார்க்காத டெல்டாப் பிள்ளையும் அதையேதான் வரைகிறது. வீட்டில் வேலை செய்யும் ஒருவரை வரைந்து, அவரிடமே காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். மதிப்பெண் வேண்டாம். அந்த ஆள் என்ன சொன்னார் என்று மட்டும் கேளுங்கள். எங்கள் தெருவில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, பாட்டி பீன்ஸ் நறுக்குவதை வரைந்து காட்டியிருக்கிறாள். "எனக்கு ஏதுடி இவ்வளவு பல்லு?" என்றாராம் பாட்டி. எண்ணிப் பார்த்து நாலு பல்லை அழித்துவிட்டு மறுபடி காட்டியிருக்கிறாள்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சத்திரம் பேருந்து நிலையத்தில் இருப்பேன். வர நினைப்பவர்கள் கோடு போடாத நோட்டும் ஒரு பால்பாயிண்ட் பேனாவும் கொண்டுவாருங்கள். தண்ணீர் பாட்டில் அவசியம். யாராவது உங்களிடமும் ஆதார் அட்டையை நீட்டினால் என்னிடம் அனுப்பிவிடுங்கள், எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லி அனுப்புகிறேன்.