விரல் இழந்தவர்களும் விளையாடலாம்

கொடிகாமத்தில் ஒருவர் மலிவாக வாங்கிய, பெயரறியாத கேம் கொன்ட்ரோலரைக் கணினி கண்டுகொண்டாலும் விளையாட்டு கண்டுகொள்ளாமல் விடுவதுண்டு. அது பழுதல்ல. இத்தகையவை பல பழைய டைரக்ட்இன்புட் முறையில் இயங்குகின்றன. புதிய விளையாட்டுகள் பல எதிர்பார்ப்பதோ 2005இல் எக்ஸ்பொக்ஸ் 360உடன் வந்த எக்ஸ்இன்புட் முறையை. இலவசமாகக் கிடைக்கும் ஸ்டீம் மென்பொருளில் 'ஸ்டீம் இன்புட்' வசதியை இயக்கினால் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

அங்கேயே பொத்தான்களின் வேலையை இடம்மாற்றவும் முடியும். போரில் விரலையோ கையையோ இழந்தவர்களுக்கு இதுதான் பெரிய விடயம். மாற்றுத்திறனாளிகளுக்கென மைக்ரோசொப்ட் 2018இல் வெளியிட்ட கொன்ட்ரோலரின் விலை ஏறத்தாழ 100 டொலர். இங்கே அது எத்தனை பேருக்கு எட்டும்?

பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரியின்றிச் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நாம். காயப்பட்டவர்களின் வாழ்வாதாரம் பற்றிப் பேசுகிறோம். அவர்களின் பொழுதுகளைப் பற்றியும் பேசவேண்டும். பக்கத்தில் இருந்து பொத்தான்களை மாற்றிக்கொடுக்க ஒருவர் வந்தால் போதும்.