விளையாட்டும் கம்பெனிகளின் கொடையும்

நம் நாட்டில் பெருலாபம் ஈட்டும் கம்பெனிகள் அதில் ஒரு பகுதியைப் பொதுநன்மைக்குச் செலவிடல் வேண்டுமென 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு விதித்திருப்பது அன்பர் பலரும் அறிந்ததே. ரூ. 500 கோடி நிகர மதிப்போ, ரூ. 1,000 கோடி விற்றுவரவோ, ரூ. 5 கோடி நிகர லாபமோ உடைய கம்பெனி, முந்திய மூன்று வருஷங்களின் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 வீதம் இதற்கென ஒதுக்கவேண்டும். இவ்விதி 2014 ஏப்ரல் 1-ந் தேதி முதல் அமுலில் உள்ளது. பசி நீக்கல், கல்வி, சுகாதாரம் ஆகியவற்றை அடுக்கிச் செல்லும் அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணை, கிராம விளையாட்டுகளிலும் ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டுகளிலும் பயிற்சி அளித்தலையும் அவற்றோடு சேர்த்து எண்ணியிருக்கிறது.

பசித்தோர் பலர் இருக்கப் பந்துக்கும் மட்டைக்கும் பணமா என வினவுவார் உளர். அவர் வினா நியாயமானதே. ஆயினும் விளையாட்டில் திறன் காட்டும் சிறுவர் சிறுமியர் பலர் அப்பசித்த வீடுகளிலிருந்தே வருகின்றனர் என்பதை அவர் மறந்தனர் போலும்.

ஜாம்ஷெட்பூரில் டாட்டா கம்பெனியார் 1987-ல் கால்பந்துப் பயிற்சிக் கழகமும், 1996-ல் வில்வித்தைக் கழகமும் நிறுவினர். சட்டம் பிறவாத காலம் அது. ராஞ்சியை அடுத்த ஊரில் ஆட்டோரிக்ஷா ஓட்டுநர் ஒருவரின் மகளாய்ப் பிறந்த தீபிகா குமாரி 2006-ல் அவ்வில்வித்தைக் கழகத்திற் சேர்ந்தார். 2010-ல் டில்லியில் நடந்த காமன்வெல்த் பந்தயங்களில் இரண்டு தங்கப் பதக்கங்கள் பெற்றார். 2012-ல் உலகத் தரவரிசையில் முதலிடம் எய்தினார். பந்தயத்துக்குரிய வில் ஒன்றின் விலை லட்சங்களை எட்டும். அன்றியும், குழந்தை வளர வளர வில்லின் நீளமும் இழுவிசையும் மாறவேண்டுமாதலின், ஒருமுறை வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்குதற்கு இடமில்லை. எவ்வளவு அன்புடைய தந்தையாயினும் நாட்கூலியைக் கொண்டு இதனைச் செய்தல் எங்ஙனம்?

ஈண்டு நாம் கவலையுறுவது பணத்தின் அளவைக் குறித்தன்று. அதன் ஆயுளைக் குறித்தே. 2021-ல் திருத்தப்பெற்ற விதிகளின்படி, தொடர் திட்டம் ஒன்றன் காலம் தொடங்கிய வருஷம் நீங்கலாக மூன்று வருஷங்களுக்கு மேற்படலாகாது. அக்கெடு முடிந்தபின் மீண்டும் ஒரு திட்டம் தொடங்கலாம்; தொடங்கியே தீரவேண்டுமென்னும் கட்டாயமோ இல்லை. தீபிகாவைப் போன்ற அரிய திறனுடையார்க்கே நான்கு வருஷங்கள் சென்றனவெனின், ஏனையோர்க்கு எத்தனை வேண்டும்? பத்து வயதில் ஓடத் தொடங்கும் சிறுமி பருவம் முதிரும் பதினான்காம் வயதில், சம்பளமின்றிப் பயிற்சியாளர் வேறூர் சென்றுவிட, மைதானத்தில் தனித்து நிற்பாளாயின், அதுவரை செலவான பணம் அவளுக்கு என்ன பயன் தந்தது? பந்தும் சட்டையும் வழங்கும் விழாவின் படம் ஆண்டறிக்கையில் அழகாகவே இருக்கும்!

நீடித்த கொடைக்கு ஓர் உதாரணம் சென்னையிலேயே உண்டு. 1987-ல் எம்.ஆர்.எப். கம்பெனியார் ஆஸ்திரேலியரான டென்னிஸ் லில்லியைக் கொண்டு சேத்துப்பட்டு கிறிஸ்தவக் கல்லூரிப் பள்ளி மைதானத்தில் வேகப்பந்து வீச்சுப் பயிற்சி நிலையம் தொடங்கினர். ஸ்ரீநாத், ஜாகீர்கான் முதலியோர் அங்குப் பயின்றனர். (வேகப்பந்து வீசக் கற்கலாமென்று வந்த சிறுவர் சச்சின் டெண்டுல்கரை, மட்டையையே கவனி என்று லில்லி திருப்பி அனுப்பியதும் அங்கேதான். நல்லாசிரியர் மறுப்பதும் ஒரு கொடையே.) இருபத்தைந்து வருஷங்கள் லில்லி அதனை நடத்தியபின், 2012-ல் கிளென் மெக்ராத் அப்பொறுப்பை ஏற்றார். பதின்பருவத்தில் அளவின்றி வேகமாய்ப் பந்து வீசுவோர்க்கு முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் விரிசல் காணுதல் உண்டு. அவரவர் உடல்வளர்ச்சியைப் பல வருஷங்கள் ஒரே கண் கவனித்து வந்தாலன்றி இதனைத் தடுப்பது அரிது.

கம்பெனியின் பெயர்ப்பலகை மைதானத்தில் நிற்பதை நாம் வெறுக்கவில்லை. தம் பொருள்களுக்கு விளம்பரம் தேடிச் செய்யும் உதவி இக்கணக்கிற் சேராதென்று விதியே கூறிவிட்டது; அது போதும். வேறொரு குறைதான் நம் மனத்தை உறுத்துகிறது. கம்பெனி தொழில் நடத்தும் வட்டாரத்துக்கே முதன்மை தருமாறு சட்டம் சொல்லுவதால், ஆலையில்லாத ஊர்களின் பிள்ளைகள் பின்தங்குகின்றனர். அவ்வூர்களைத் தேடிச் செல்லும் கம்பெனியாரை நாம் இருமடங்கு பாராட்டுவோம்.

நம் பழைய மாணாக்கருள் கம்பெனிகளின் உயர்பதவி வகிப்போர் இதனை வாசிப்பின், அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இவ்வருஷத்துச் செலவுக் கணக்கு உங்கள் மேசைக்கு வருங்கால், எத்தனை பிள்ளைகளுக்குப் பந்து வழங்கப்பட்டது என்று கேட்பதோடு அமையாது, மூன்று வருஷத்துக்கு முன் பயிற்சிக்கு வந்தோருள் இன்றும் எத்தனை பேர் வருகின்றனர், அவர்களுடைய பயிற்சியாளருக்குச் சென்ற மாதச் சம்பளம் சேர்ந்ததா என்றும் கேளுங்கள்.