திரையின் குற்றமும் படத்தின் குற்றமும்

வீட்டிலிருந்தபடியே படம் பார்த்தல் இந்நாளில் யாவர்க்கும் எளிதாயிற்று. பெட்டியை வாங்குகின்றோம், மின்சாரத்தைப் பொருத்துகின்றோம், உடனே பார்க்கத் தொடங்குகின்றோம். அப்பெட்டி காட்டும் நிறம் மெய்ந்நிறந்தானோ என்று வினவுவார் நம்முள் மிகச் சிலரே. அவ்வாறு வினவாதொழிந்தமையால் யாம் அடைந்த இழப்பொன்றை முதற்கண் சொல்லிப் பின்னர் எம் கருத்தை வெளியிடுவோம்.

எம் சிறிய தந்தையாரின் திருமணம் 1991-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அக்காலத்து வழக்கப்படி அதனை வீடியோ கேசட்டில் பதிவு செய்திருந்தனர். எம் பாட்டியார் நடமாடிப் பேசும் தோற்றம் அத்திருமணக் காட்சியிலன்றி வேறெங்கும் இல்லை. சில யாண்டுகட்கு முன் அதனைக் கணினியில் ஏற்றி, வீட்டுத் தொலைக்காட்சியில் இட்டுப் பார்த்தோம். பாட்டியார் முகம் செம்மண் பூசியதுபோற் சிவந்து தோன்றிற்று. பழைய கேசட் ஆதலின் நிறம் கெட்டுவிட்டது என்று துணிந்து, வீடியோ திருத்தும் மென்பொருள் ஒன்றில் சிவப்பைக் குறைத்து, எம் திரையில் அம்முகம் நன்றாய்த் தோன்றுமளவும் மாற்றி, அதனையே புதிய கோப்பாக்கினோம். இடம் போதாதென்று முதற்கோப்பை அழித்தோம். கேசட்டும் காளான் பிடித்திருந்தமையால், வீடு மாறியபொழுது எறியப்பட்டது. ஓராண்டு கழித்து உறவினர் இல்லத்தில் அப்படத்தைக் கண்டபோது, பாட்டியார் முகம் பச்சைச் சாயலேறி வெளிறி, நெடுநாள் நோயுற்றார் முகம்போல் இருந்தது. குற்றம் கேசட்டினது அன்று, எம் திரையினது. அத்திரையின் குற்றத்தை யாமே எம் கையாற் படத்தினுள் எழுதிவிட்டோம்.

திரை பொய்ந்நிறம் காட்டுதற்குக் காரணம் யாது? கடையில் இருபது பெட்டிகள் பேரொளியின்கீழ் வரிசையாய் நிற்கின்றன. வாங்குவோர் கண் எது மிகப் பளிச்சென்று தோன்றுமோ அதன்பாற் செல்லும். ஆதலின், செய்வோர் 'விவிட்' என்றும் 'டைனமிக்' என்றும் ஓர் அமைப்பை வகுத்து, நிறங்களை அளவுக்கு மீறி ஏற்றி, வெண்மைக்கு நீலச் சாயலும் ஊட்டிவைக்கின்றனர். ஆயின் படம் எடுப்போர் தம் நிறங்களைத் தேர்ந்தெடுப்பது அடங்கிய ஒளியுள்ள அறையில், வெண்மை ஏறத்தாழ 6500 கெல்வின் என்னும் அளவிற்கு ஒழுங்கு செய்த திரையிலேயாம். உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கு 1990-இல் வகுக்கப்பெற்ற 709 என்னும் விதியும் அவ்வெண்மையையே கொள்கின்றது. பெட்டியிலுள்ள 'சினிமா' அல்லது 'மூவி' என்னும் அமைப்பும், 2019-இல் அறிவிக்கப்பெற்ற 'ஃபிலிம்மேக்கர் மோடு' என்பதும் அந்நிலைக்கு அணுக்கமானவை. முதனாள் பார்ப்பார்க்கு அவை மங்கலாயும் மஞ்சளாயும் தோன்றும். சின்னாளில் கண் பழகிவிடும். அதன்பின் பழைய அமைப்பைக் கண்டால் நகைப்பே வரும்.

ஈண்டு ஒன்று சொல்லாது விடற்கியலாது. 'பிரைட்னஸ்' என்று பெயரிட்டிருப்பது பல பெட்டிகளில் ஒளியைக் கூட்டும் கருவி அன்று; கருமை எங்கே தொடங்குக என்று வரையறுப்பது. 'ஷார்ப்னஸ்' என்பதோ இல்லாத நுட்பத்தைத் தருவதில்லை. உருவங்களின் ஓரத்தே வெண்கோடு ஒன்றை இழைத்து நம்மை ஏமாற்றுகின்றது. இப்பெயர்களை இட்டவர் யாவராயினும் அவர் பார்ப்பவர்க்கு நன்மை செய்தாரல்லர்.

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28-ஆம் நாள் வெளிவந்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் இரவுப் போர்ப் பகுதியைப் பலர் நினைவிற் கொண்டிருப்பர். ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் இருள் என்று உலகமெங்கும் முறையிட்டனர். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் என்பார், வீட்டார் தம் பெட்டிகளை முறையாக அமைக்காமையையும், ஒளி மிகுந்த அறையிற் காண்பதையும், அனுப்புதற்பொருட்டுப் படத்தைச் சுருக்கியமையையும் காரணமாகக் கூறினார். அவர் கூற்றில் பாதி மெய்யென்றே யாம் கருதுகின்றோம். எஞ்சிய பாதியைப் பற்றி ஐயமுண்டு. வீடுகள் கொட்டகைகளல்ல என்பதை எடுப்போரும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆயினும் அங்கே பெரிய கேடொன்றும் விளைந்திலது. பெட்டியைத் திருத்திக்கொண்டு அப்பகுதியை மீண்டும் காணலாம். திரையின் குற்றம் எத்துணைப் பெரிதாயினும் ஒரு பொத்தானால் நீங்குவது. படத்தை மாற்றும்போது புகுந்த குற்றமோ, மூலம் போயின் என்றும் நீங்காதது. நாம் செய்வதோ நேர்மாறு. பெட்டியைத் தொட அஞ்சுகின்றோம். கோப்பைத் திருத்தச் சிறிதும் அஞ்சுகின்றோமில்லை.

மாற்றும் மென்பொருள்கள் தாமும் தீயன அல்ல. 2003-இல் எரிக் பெட்டி என்பவர் தொடங்கிய 'ஹேண்ட்பிரேக்' விலையின்றிக் கிடைப்பது. நன்கு தொழில் செய்வது. ஆனால் அதனைக் கையாள்வார்க்குச் சிறிது அறிவு வேண்டும். அதிலுள்ள தரவெண் சிறிதாகும்தோறும் படம் சிறக்கும்; கேசட், டிவிடி முதலியவற்றின் அளவினதாகிய படத்திற்கு 18 முதல் 22 வரை தகும். எண் பெரிதாயின் தரமும் பெரிதாம் என்று மயங்கி 35 என இட்ட அன்பர் ஒருவரை யாம் அறிவோம். மணமக்கள் இருவரும் சதுரக் கட்டங்களாய் மாலை மாற்றிக்கொண்டனர்! பழைய கேசட்டின் வடிவம் நான்குக்கு மூன்று. அதனைப் பதினாறுக்கு ஒன்பதாக இழுத்தால் மெலிந்தாரும் பருத்துத் தோன்றுவர். நிறக்கணக்கிலும் இரு விதிகள் உள. பழைய படங்களுக்கு 1982-இல் அமைந்த 601-ஆம் விதி. உயர்தெளிவுப் படங்களுக்கு 709. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் செம்மையும் பசுமையும் தம் நிலை திரியும். வீடியோவில் கருமை 16-இலும் வெண்மை 235-இலும் நிற்கக் கணினி 0 முதல் 255 வரை எண்ணுகின்றது. இவ்விரண்டையும் குழப்பினால், படமெங்கும் சாம்பல் மூடுபனி படரும், அல்லது பாட்டியார் கொண்டையும் அதிற் சூடிய பூவின் நிழலும் ஒரே கருங்கட்டியாகிவிடும்.

"கேசட்டே உண்மையில் நிறம் கெட்டிருந்தால் திருத்தலாகாதோ?" என்று மாணவர் வினவலாம். தாராளமாகத் திருத்துக, ஆயின் திரையை முதலில் ஒழுங்கு செய்து, வேறொரு திரையிலும் ஒத்துப் பார்த்து, படியொன்றிலே திருத்துக. திருத்தாத கோப்பு எத்துணை இடம் கொள்ளினும் அப்படியே இருக்கட்டும். அக்காலத்துக் கல்யாண வீடியோக்களிற் காணும் விளக்கின் மஞ்சளைப் போக்குதலிலும் எமக்கு விருப்பமில்லை. அன்று பந்தலில் நின்றோர் முகங்களில் வீழ்ந்த ஒளி அதுவேயன்றோ?

அத்திருமணத்தில் இரு கேசட்டுகள் எடுத்துப் பெண்வீட்டார்க்கு ஒன்று கொடுத்தனர் என்பதை இவ்வாண்டுதான் அறிந்தோம். அது எம் சிற்றன்னையாரின் பிறந்தகத்தில் மச்சின்மேல் ஒரு பெட்டியுள் இருப்பதாகச் சொல்கின்றனர். வரும் விடுமுறையிற் சென்று கொணர இருக்கின்றோம். காளான் எத்துணை ஏறியுள்ளதோ, திறந்து பார்த்த பின்னரே தெரியும்.